அடுப்பில்லாத புகை

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டெஸ்மண்ட் பாஸ்க்
ஒரு போர்வையில் சுற்றி எடுத்துவந்தார் பேராலயத்தை.
வெளியே மழை. அவர் உதறிய குடையிலிருந்து
மேற்கு முகப்பின் மேல் நாலு சொட்டு.
"கண்ணாடிதானே, பயமில்லை" என்றார்.
மாடிப்படிச் சுவரில் ஈரம் பூத்திருக்கிறதாம்,
மறைக்க இந்த அளவு தோதாக இருக்குமாம்.

பின்பலகையின் ஆணிகளைப் பிடுங்கினேன்.
வெள்ளிப்பூச்சி ஒன்று ஓடியது,
தலைமுறை தலைமுறையாகக் கஞ்சிப்பசை தின்ற குடும்பம்.
தாளைக் கையில் எடுத்தால்
கல் எவ்வளவு லேசு.
இரண்டு கோபுரம், மாடங்களில் மூக்குடைந்த அரசர்கள்,
எல்லாம் சேர்ந்து ஒரு கைக்குட்டையின் எடை.

ஓரத்தில்: ஒபதையா தர்க்கெல் செதுக்கியது.
அதற்கு மேலே, டீன் அவர்களுக்குச் சமர்ப்பணம்.
டீனின் பெயர் வாசற்கதவைவிடப் பெரிது.

செப்புத் தகட்டில் எல்லாவற்றையும்
இடம்வலம் மாற்றிச் செதுக்க வேண்டும்.
கோபுரம்கூடப் பரவாயில்லை,
வானம்தான் கொடுமை.
கோடு, அதனடியில் கோடு, அதனடியில் கோடு.
எண்ணத் தொடங்கி அறுபதில் விட்டுவிட்டேன்.

"வடக்குச் சுவரில் அந்த அழுக்கு,
அதைக் கழுவ முடியுமா?"

லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
அழுக்கில்லை. புகை.
இரண்டு தாங்குசுவர்களின் இடுக்கிலிருந்து
சுருண்டு, கொஞ்சம் சாய்ந்து, மேலே போகிறது.
கீழே கூரையில்லை, அடுப்பில்லை.
புல். ஒரு நாய். கட்டடத்தின் அளவு தெரிய
நிறுத்திவைத்த இரண்டு கனவான்கள்,
ஒருவர் கைத்தடியால் எதையும் சுட்டாமல் சுட்டுகிறார்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
லென்ஸை இன்னும் இறக்கினேன்.
புல் இங்கே மட்டும் அடர்த்தி,
முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டை மாதிரி.
அதனடியில் சுரண்டியும் போகாத
ஒரு சாய்வுக் கோடு. கூரைவிட்டம்.

இதற்கு மேல் நான் சொல்வதற்குச் சான்று கிடையாது.
பேராலயத்தின் விலாவில் ஒட்டிக்கொண்டு
ஒரு குடிசை இருந்தது.
மாட்டுக்குடல் வேகவைத்து விற்றவள்,
கெசாயா, நான் வைத்த பெயர்தான்.
ஒரு புனிதரின் கழுத்திலிருந்து
இன்னொரு புனிதரின் கட்டைவிரலுக்குக் கயிறு,
அதில் உள்பாவாடைகள்.
தர்க்கெல் பதினோரு நாள் எதிரே உட்கார்ந்து வரைந்தார்.
அக்டோபர் குளிரில் விரல் மடங்கவில்லை.
தினம் ஒரு கிண்ணம் சூப் கொடுத்தாள், கணக்கில் எழுதிக்கொண்டு.
கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார், அவளையும்.

மாதிரி அச்சு டீனிடமிருந்து திரும்பிவந்தது,
ஓரத்தில் சிவப்பு மசி:
இது கர்த்தரின் வீடு. உள்பாவாடை வேண்டாம்.

வாடகை பாக்கி இருந்தது. சுரண்டினார்.
தகட்டைக் கவிழ்த்து முதுகில் சுத்தியலால் தட்டி,
பள்ளத்தை மேடாக்கி, தேய்த்து, மெருகிட்டு
அதன்மேல் புல் வளர்த்தார்.
கயிறு போயிற்று. கொப்பரை, கதவு,
கதவில் சாய்ந்து நின்றவள்.

புகை மட்டும் நின்றது.
மறந்திருக்கலாம்.
மெழுகுவர்த்தி தீர்ந்திருக்கலாம்.
கண் மங்கிய ஆள், மேகமென்று நினைத்திருக்கலாம்.
கடன் சூப் நாக்கில் வந்து நின்றிருக்கலாம்.
எனக்கெப்படித் தெரியும்,
நான் சட்டம் போடுகிறவள்.

"கழுவினால் போகாது" என்றேன்.
லென்ஸை வாங்கிக் குனிந்தார் பாஸ்க்.
முப்பத்தொரு வருடம்
ஏழாம் நம்பர் பஸ்ஸை அந்த வடக்குச் சுவரை ஒட்டியே
ஒடித்துத் திருப்பியவர்.
நெடுநேரம் நிமிரவில்லை.
"இந்த இடத்தில் ஒரு ஸ்டாப் இருந்தது" என்றார்.
"எடுத்துவிட்டார்கள். கம்பம்கூட இல்லை.
அதற்குப் பிறகும் காலை வண்டிக்கு
ரெண்டு பேர் அங்கேதான் நிற்பார்கள்."

"நிறுத்தினீர்களா?"

விலை கேட்டார். கறுப்புச் சட்டமே போதும்,
இருப்பதில் மலிவானது.
ஈரச் சுவரில் மாட்டவேண்டாம் என்றேன்.
தலையை ஆட்டினார்.
அங்கேதான் மாட்டுவார்.